பாடசாலைக்குப் பிந்திய பராமரிப்பும் முதலீட்டுக் கணக்கும்: யப்பானிய அனுபவம் பற்றிய ஒரு நோக்கு

முதலீடு என்பது இன்றைய நுகர்வைக் குறைத்து நாளைய வருவாயைத் தேடும் செயல் எனப் பொருளியல் நூல்கள் வரையறுக்கின்றன. தொழிற்சாலைக்கும் துறைமுகத்துக்கும் இவ்வரைவிலக்கணம் இடர்ப்பாடின்றிப் பொருந்தும். ஆயின், விசேட தேவையுடைய ஒரு பிள்ளை பாடசாலை விட்ட நேரந் தொட்டு மாலை மங்கும் வரை எங்கே இருக்கும், யாருடன் இருக்கும் என்ற வினாவுக்கு விடையாக அமையும் ஒரு சிறு நிலையத்துக்கு இது எவ்வளவு தூரம் பொருந்தும்? அங்கு மூலதனம் இடுபவர் எதனை எதிர்பார்க்கலாம்? அவருக்குக் கிடைக்கும் வருவாயும் பிள்ளைக்குக் கிடைக்கும் நன்மையும் ஒரே திசையில் செல்வனவா? இவ்வினாக்களை வெறுங் கோட்பாட்டு நிலையில் ஆராய்வதிலும் ஒரு நாட்டின் அனுபவத்தை வைத்து ஆராய்வதே பயன் தரும். யப்பான் 2012ஆம் ஆண்டில் இத்துறையைத் தனியார் மூலதனத்துக்கு அகலத் திறந்துவிட்டது. அதன் பின் நிகழ்ந்தவற்றை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் வரலாற்றைச் சிறிது கூறுதல் வேண்டும். யப்பானில் கட்டாயக் கல்வி நெடுங்காலத்துக்கு முன்னரே நிலைபெற்றிருந்தபோதிலும், கடுமையான ஊனமுடைய பிள்ளைகள் பாடசாலைக் கடமையிலிருந்து 'ஒத்திவைப்பு' அல்லது 'விலக்கு' அளிக்கப்பட்டு வீட்டிலேயே விடப்பட்டனர். விலக்கு என்ற சொல் சலுகை போல ஒலிப்பினும் நடைமுறையில் அது பாடசாலைக் கதவு அடைக்கப்பட்டமையையே குறித்தது. இவர்களுக்கான பாடசாலைகளை அமைப்பது 1979இல் கட்டாயமாக்கப்பட்ட பின்னரே இந்நிலை மாறிற்று. பிள்ளைகள் பாடசாலைக்குச் சென்றனர். ஆனால் பாடசாலை பிற்பகலில் முடிந்துவிடும். ஏனைய பிள்ளைகள் அயலவருடன் விளையாடியும் கழகங்களில் பயின்றும் கழிக்கும் அந்நேரத்தை இப்பிள்ளைகள் தாயுடனும் தொலைக்காட்சியுடனும் கழித்தனர். கோடை விடுமுறையோ ஏறக்குறைய நாற்பது நாட்கள் நீள்வது. 2002ஆம் ஆண்டிலிருந்து அரச பாடசாலைகளுக்குச் சனிக்கிழமையும் முற்றாக விடுமுறையாயிற்று. தொழில் புரியும் பெற்றோரின் பிள்ளைகளுக்கான பொதுப் பராமரிப்பு முறை 1997ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் அங்கீகாரம் பெற்றதெனினும், அது பெரும்பாலும் ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளை மனத்திற் கொண்டு அமைக்கப்பட்டது. ஊனமுற்ற பிள்ளையை ஏற்பதற்கு வேண்டிய ஆளணி அங்கு பெரிதும் இருக்கவில்லை. இவ்விடைவெளியைப் பல ஆண்டுகளாக நிரப்பியவர்கள் பெற்றோரும் ஆசிரியர் சிலருமே. வாடகை அறையொன்றும் தொண்டர் சிலரும் உள்ளூராட்சிச் சபையின் சிறு மானியமுமே அவர்களின் மூலதனம்.

2012 ஏப்பிரலில் நடைமுறைக்கு வந்த சிறுவர் நலச் சட்டத் திருத்தம் இம்முயற்சிகளை ஒரு சட்டபூர்வமான சேவையாக மாற்றிற்று. பாடசாலை செல்லும் ஆறு வயது முதல் பதினெட்டு வயது வரையான ஊனமுற்ற பிள்ளைகள் பாடசாலை முடிந்த பின்னரும் விடுமுறை நாட்களிலும் சென்று தங்கிப் பயிற்சி பெறும் நிலையங்கள் தோன்றின. ஊனமுற்றோர் கையேடு பெற்றிராத பிள்ளையும், தேவை உண்டென நகர சபை தீர்மானித்தால், மாதத்துக்கு இத்தனை நாள் எனக் குறிக்கப்பட்ட சான்றிதழைப் பெறலாம். நிலையத்தை நடத்துவது சட்டபூர்வமான கூட்டுத்தாபனமாக இருத்தல் வேண்டும். அது சமூகநல நிறுவனமாகவும் இருக்கலாம், இலாபம் ஈட்டும் கம்பனியாகவும் இருக்கலாம். இவ்விறுதி வாசகமே பின்னர் நிகழ்ந்த எல்லாவற்றுக்கும் வித்தாயிற்று.

கட்டண முறையை விளங்கிக்கொள்ளாமல் முதலீட்டைப் பற்றிப் பேசுதல் இயலாது. சேவையின் விலையைச் சந்தை நிர்ணயிப்பதில்லை. அரசாங்கமே 'அலகு' என்னும் அளவையில் நிர்ணயிக்கின்றது. ஓர் அலகு ஏறக்குறைய 10 யென். பெருநகரங்களில் சற்றுக் கூடும். அவ்விலையில் நூற்றுக்கு 10 வீதத்தையே குடும்பம் செலுத்தும். அதற்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. ஆண்டு வருமானம் ஏறக்குறைய 89 இலட்சம் யென்னுக்கு உட்பட்ட குடும்பங்கள் மாதத்துக்கு 4,600 யென்னுக்கு மேற் செலுத்த வேண்டியதில்லை. அதனிலும் கூடிய வருமானமுடையோருக்கு வரம்பு 37,200 யென். உள்ளூர் வரி செலுத்தாத வறிய குடும்பங்களுக்குக் கட்டணமே இல்லை. எஞ்சிய தொகையில் அரைவாசியை மத்திய அரசும், காற்பங்கை மாகாணமும், காற்பங்கை நகர சபையும் ஏற்கின்றன. எனவே இங்கு 'வாங்குபவர்' யார் என்பதே சிக்கலான வினாவாகும். தெரிவு செய்பவர் தாய். பயன் பெறுபவர் பிள்ளை. விலை கொடுப்பது பெரும்பாலும் பொதுநிதி.

விலை உறுதி, கொடுப்பனவு உறுதி, கேள்வியும் பெருகுகின்றது. இத்தகைய நிலையில் மூலதனம் ஓடி வருதல் இயல்பே. 2012இல் ஏறக்குறைய 3,000 ஆக இருந்த நிலையங்கள் பத்தாண்டுகளில் 20,000ஐ அண்மித்தன. ஐம்பதினாயிரத்தைச் சற்றுத் தாண்டியிருந்த பிள்ளைகளின் தொகை மூன்று இலட்சத்தைக் கடந்தது. இன்று நிலையங்களில் அரைவாசிக்கு மேற்பட்டவை கம்பனிகளாலேயே நடத்தப்படுகின்றன. பிறப்புத் தொகை வீழ்ச்சியுறும் நாடொன்றில் இது நிகழ்ந்தமை வியப்பாகத் தோன்றலாம். 2016இல் முதன்முறையாகப் பத்து இலட்சத்துக்குக் கீழே இறங்கிய ஆண்டுப் பிறப்புகள் 2022இல் எட்டு இலட்சத்துக்கும் குறைந்தன. ஆயினும் தேவை உணரப்படும் பிள்ளைகளின் தொகை கூடிற்று. 2005இல் நடைமுறைக்கு வந்த விருத்திக் குறைபாடுடையோர் ஆதரவுச் சட்டமும், 2007இல் தொடங்கிய விசேட ஆதரவுக் கல்வி முறையும் முன்னர் 'குழப்படிகாரன்', 'மந்தன்' எனத் தள்ளப்பட்ட பிள்ளைகளை வேறு கண்கொண்டு நோக்கச் செய்தன. கல்வி அமைச்சு 2022இல் வெளியிட்ட ஆய்வொன்றின்படி சாதாரண வகுப்புகளிலுள்ள ஆரம்ப, கனிட்ட இடைநிலை மாணவருள் 8.8 வீதத்தினர் கற்றலிலோ நடத்தையிலோ குறிப்பிடத்தக்க இடர்ப்பாட்டைக் காட்டினர். பத்தாண்டுகளுக்கு முன்னர் இது 6.5 வீதமாக இருந்தது.

இனி முதலீட்டாளரின் மேசைக்குச் செல்வோம். கீழ்வரும் கணக்கில் அலகுப் பெறுமதிகள் 2024ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட அட்டவணைக்குரியவை. செலவுகள் விளக்கத்தின் பொருட்டு நாமே எடுத்துக்கொண்டவை. நாளொன்றுக்குப் பத்துப் பிள்ளைகளுக்கு அனுமதி பெற்ற நிலையம் ஒன்று. பாடசாலை நாளில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் மூன்று மணி நேரம் வரை தங்கும் பிள்ளைக்கு அடிப்படைக் கொடுப்பனவு 609 அலகு. பாடசாலையிலிருந்து அழைத்து வருவதற்கும் வீட்டிற் சேர்ப்பதற்கும் ஒரு வழிக்கு 54 அலகு வீதம் 108 அலகு. ஆகப் பிள்ளையொன்றின் ஒரு நாள் வரவுக்கு 7,170 யென் கிடைக்கும். மாதத்தில் 22 நாட்கள் திறந்திருப்பதாகக் கொள்வோம்.

செலவோ பெரும்பாலும் நிலையான கிரயம். பிள்ளை விருத்தி ஆதரவு முகாமையாளர் ஒருவர் இருந்தே ஆகவேண்டும். பத்துப் பிள்ளைகள் வரை குறைந்தது இரு போதனாசிரியரோ சிறுவர் பராமரிப்பாளரோ வேண்டும். வான் ஓட்டுபவர் வேண்டும். இவர்களின் சம்பளம் 880,000 யென், தொழில்கொள்வோர் செலுத்தும் சமூகக் காப்புறுதி 132,000, வாடகை 150,000, வாகனச் செலவு 80,000, ஏனையவை 70,000 எனக் கொண்டால் மாதச் செலவு 1,312,000 யென் ஆகும். நாளொன்றுக்குச் சராசரியாக எட்டுப் பிள்ளைகள் வந்தால் வருவாய் 1,261,920. ஏறக்குறைய 50,000 யென் நட்டம். ஒன்பது பிள்ளைகள் வந்தால் 1,419,660. ஏறக்குறைய 108,000 யென் இலாபம். பத்துப் பேரும் நாள் தவறாது வந்தால் இலாபம் 265,400 யென்னாக உயரும். தொடக்கச் செலவாகவும் தொழிற்படு மூலதனமாகவும் 120 இலட்சம் யென் இடப்பட்டிருப்பின், பத்துப் பிள்ளைகளுடன் அது நான்கு ஆண்டுகளுக்குள் மீளும். ஒன்பது பிள்ளைகளுடன் மீள்வதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு மேலாகும். எட்டுப் பிள்ளைகளுடன் ஒருபோதும் மீளாது. வட்டியையும் வரியையும் நாம் இன்னும் கணக்கில் எடுக்கவில்லை. மேலதிகத் தகுதியுடைய ஆளணிக்கு மேலதிகக் கொடுப்பனவுகள் உண்டெனினும் அவற்றுடன் சம்பளமும் உயர்வதால் கணக்கின் அமைப்பு மாறுவதில்லை. தொழிற்படு மூலதனம் பற்றி ஒரு சொல்: ஏப்பிரலில் செய்த சேவைக்கான கோரிக்கை மே மாதம் 10ஆந் திகதிக்குள் அனுப்பப்பட்டு யூனிலேயே பணம் கிடைக்கும். ஆளணியின் சம்பளமோ அவ்வாறு காத்திருக்காது. நல்ல நோக்கத்துடன் தொடங்கிய பெற்றோர் குழுக்கள் இடறும் இடம் இதுவே.

மேற்காட்டிய கணக்கில் மிக முக்கியமான இலக்கம் இலாபமன்று. எட்டாவது பிள்ளைக்கும் ஒன்பதாவது பிள்ளைக்கும் இடையிலுள்ள வேறுபாடு. ஒரு பிள்ளையின் வரவு மாதத்துக்கு 157,740 யென். அதாவது ஒரேயொரு ஆசனம் நிரம்புவதும் வெறுமையாவதும் நிலையத்தின் வாழ்வையும் சாவையும் தீர்மானிக்கின்றன. இப்பொழுது வலிப்பு நோயால் மாதத்தில் ஐந்தாறு நாட்கள் வரமுடியாத ஒரு பிள்ளையை எண்ணிப் பார்க்க. வருகை தராத நாளுக்கு, தொலைபேசியில் விசாரித்து ஆலோசனை வழங்கிய பதிவு இருப்பின், 94 அலகு, அதாவது 940 யென் கிடைக்கும். அதுவும் மாதத்துக்கு நான்கு முறையே. எஞ்சிய 6,230 யென் நட்டம். அதே ஆசனத்தில் நாள் தவறாது வருகின்ற, தானே உண்ணவும் உடுக்கவும் தெரிந்த, எழுத்துப் பயிற்சியில் மட்டும் பின்தங்கிய பிள்ளையை அமர்த்தினால் வருவாய் முழுமை, உழைப்பும் குறைவு. விலை ஒன்றாகவும் கிரயம் வெவ்வேறாகவும் இருக்கும் சந்தையில் விற்பவர் எளிய கிரயமுடையவரையே நாடுவர் என்பது பொருளியலின் பாலபாடம். யாரும் தீயவராக இருக்கவேண்டிய அவசியமில்லை. 'இப்போது இடமில்லை' என்று மென்மையாகச் சொல்லப்படும் ஒரு சொல்லில் மிகக் கடுந்தேவையுடைய பிள்ளை வெளியே நிற்கும்.

இரண்டாவது இடர் தரம் பற்றியது. பிள்ளை வீடு திரும்பித் தான் கண்டதைச் சொல்லும் ஆற்றல் பெற்றிருப்பின் தாய் சேவையின் தரத்தை அறிவாள். பேச்சற்ற பிள்ளையின் தாய் எதனை அறிவாள்? வாங்குபவருக்குப் பொருளின் தன்மை புலப்படாத சந்தையில் தாழ்ந்த பொருள் உயர்ந்த பொருளை வெளியேற்றும். யப்பானிலும் இது நிகழ்ந்தது. பிள்ளைகளை ஓரறையில் இருத்தித் தொலைக்காட்சிப் படங்களைக் காட்டியும், விளையாட்டுக் கருவிகளைக் கையில் கொடுத்தும் நேரத்தைப் போக்கிய நிலையங்கள் பற்றிய முறைப்பாடுகள் எழுந்தன. முன் அனுபவம் வேண்டியதில்லை, வருவாய் நிச்சயம் என்று விளம்பரஞ் செய்து கிளை உரிமையை விற்கும் தொழிலும் வளர்ந்தது. உரிமைக் கட்டணமும் மேற்கூறிய மாதச் செலவோடு சேருமாயின், மிச்சம் பிடிப்பதற்கு ஆளணியின் சம்பளத்தைத் தவிர வேறு இடம் இல்லை என்பதைக் கணக்கே காட்டும்.

அரசாங்கம் வாளாவிருக்கவில்லை. 2015இல் வழிகாட்டி நெறிகள் வெளிவந்தன. 2017இல் ஆளணியின் தகுதி இறுக்கப்பட்டதுடன், பெற்றோரின் மதிப்பீட்டையும் உட்படுத்திய சுயமதிப்பீட்டை வெளியிடும் கடமையும் விதிக்கப்பட்டது. 2018இல் கொடுப்பனவு இரு வகுப்பாகப் பிரிக்கப்பட்டது. நடத்தை முதலியவற்றை அளக்கும் சுட்டியில் 13 புள்ளியோ அதற்கு மேலோ பெற்ற பிள்ளைகள் அரைவாசியும் அதற்கு மேலும் இருக்கும் நிலையத்துக்குக் கூடிய விலை, ஏனையவற்றுக்குக் குறைந்த விலை. கடுந்தேவையுடைய பிள்ளையை ஏற்போருக்கு ஊக்கம் அளிக்கும் இந்நோக்கம் மேலே நாம் காட்டிய குறைபாட்டுக்கு நேரான மருந்தாகவே தோன்றிற்று. ஆனால் அரைவாசி என்ற எல்லைக்கோடு புதிய சிக்கலை உண்டாக்கிற்று. பத்தில் ஐந்து பிள்ளைகள் உள்ள நிலையமும் நான்கு பிள்ளைகள் உள்ள நிலையமும் செய்யும் பணியில் பெரும் வேறுபாடில்லை. வருவாயிலோ வேறுபாடு உண்டு. புள்ளி வழங்குவது நகர சபைகளின் பணியாதலால் ஒரே பிள்ளை ஊருக்கு ஊர் வேறு புள்ளி பெறவும் கூடும். பல ஆண்டுகள் நேர்மையாக இயங்கிய சிறு நிலையங்களும் வருவாய் வீழ்ச்சியால் தவித்தன. 2021இல் அப்பிரிவு நீக்கப்பட்டு, கடுந்தேவையுடைய பிள்ளையின் பெயரிலேயே மேலதிகக் கொடுப்பனவு வழங்கும் முறை வந்தது. ஊக்கத்தை நிலையத்துடன் பிணைப்பதிலும் பிள்ளையுடன் பிணைப்பதே முறையென எமக்குத் தோன்றுகின்றது. மூன்றாண்டு காலம் இதனை அறிவதற்குச் செலவாயிற்று.

2023 ஏப்பிரலில் இப்பொறுப்பு புதிதாக நிறுவப்பட்ட சிறுவர், குடும்ப விவகார முகவர் நிலையத்துக்கு மாறியது. வாகனத்தில் ஏறும்போதும் இறங்கும்போதும் பிள்ளைகளை எண்ணிச் சரிபார்த்தல் அவ்வாண்டிலேயே கட்டாயமாக்கப்பட்டது. 2024ஆம் ஆண்டு மீளாய்வு கொடுப்பனவை நேரத்துக்கு ஏற்ப வகுத்தது: ஒன்றரை மணி நேரம் வரை 574 அலகு, மூன்று மணி நேரம் வரை 609, விடுமுறை நாட்களில் ஐந்து மணி நேரம் வரை 666. உடல்நலமும் வாழ்க்கையும், அசைவும் புலனும், அறிகையும் நடத்தையும், மொழியும் தொடர்பும், மனித உறவும் சமூகமும் என்னும் ஐந்து துறைகளையும் தழுவிய திட்டத்தை ஒவ்வொரு நிலையமும் வெளியிடுதல் வேண்டும். தவறின் கொடுப்பனவில் 15 வீதம் குறைக்கப்படும். முகாமையாளர் விலகி வேறொருவர் கிடைக்காவிடில் குறைப்பு 30 வீதம். நீடித்தால் 50 வீதம். பொய்க் கோரிக்கை செய்து அகப்பட்டால் அனுமதி இரத்தாவதுடன் பெற்ற தொகையுடன் மேலும் 40 வீதம் சேர்த்துத் திருப்பவேண்டி நேரலாம். நிரம்பல் மிகுந்த பிரதேசங்களில் புதிய அனுமதியை மறுக்கும் அதிகாரம் 2018 முதல் மாகாணங்களுக்கு உண்டு. இவற்றை எல்லாம் நோக்கும்போது முதலீட்டாளரின் உண்மையான இடர் சந்தையில் இல்லை, அட்டவணையில் உள்ளது எனலாம். மூன்றாண்டுக்கு ஒருமுறை விலையை மாற்றும் ஒரேயொரு வாங்குபவரை நம்பி ஒன்பது ஆண்டுகளில் மீளும் மூலதனத்தை இடுகின்றார் அவர்.

தனியார் கணக்கு இவ்வாறாயின் சமூகத்தின் கணக்கு எவ்வாறு அமையும்? மாதத்தில் 12 நாட்கள் வரும் பிள்ளைக்கு மொத்தக் கொடுப்பனவு 86,040 யென். குடும்பம் செலுத்துவது 4,600 எனின் பொதுநிதி ஏற்பது 81,440 யென். இதற்கு எதிரான நன்மையாக வழக்கமாகக் காட்டப்படுவது தாயின் உழைப்பு. அந்தப் 12 நாட்களிலும் அவள் மும்மூன்று மணி நேரம் கூடுதலாக வேலை செய்கின்றாள் எனவும், 2024இல் நாடளாவிய சராசரிக் குறைந்தபட்சக் கூலியான மணிக்கு 1,055 யென்னைப் பெறுகின்றாள் எனவும் கொண்டால் 37,980 யென் வரும். பொதுச் செலவின் அரைவாசியும் இல்லை. இச்சேவையை ஆதரிப்போர் பலர் இவ்விடத்தை விரைந்து கடந்துவிடுகின்றனர். அவ்வாறு கடத்தல் சரியன்று. கூலியை மட்டுமே நன்மையாகக் கொண்டால் இம்முதலீடு தேறாது.

ஆயின் மணிக்கணக்கு யப்பானியத் தொழிற் சந்தையின் இயல்பைக் காட்டுவதில்லை. அங்கு நிரந்தரப் பதவியிலிருந்து விலகியவர் மீண்டும் அத்தகைய பதவியை அடைதல் அரிது. சம்பளம் சேவைக்காலத்துடன் உயர்வது. ஓய்வூதியமும் அதனையே சார்ந்தது. பிள்ளையின் ஏழாம் வயதில் தாய் விலகினால் இழப்பது மாதம் 36 மணி நேரக் கூலியன்று, எஞ்சிய முப்பது ஆண்டுப் பதவியாகும். இவ்வாறு நோக்கின் தராசு மறுபுறம் சாய்கின்றது. இதற்கு மேலாகப் பிள்ளையின் பக்கமும் உண்டு. பேருந்தில் ஏறவும், கடையில் காசு கொடுத்துப் பொருள் வாங்கவும், கோபம் வரும்போது அறையை விட்டு விலகி நிற்கவும் பயின்ற பிள்ளைக்குப் பிற்காலத்தில் வேண்டப்படும் பராமரிப்புக் குறையலாம். எவ்வளவு குறையும் என்பதை யென்னில் எழுதும் கணக்குகளை நாம் ஐயத்துடனேயே நோக்குதல் வேண்டும். ஏனெனில் எவ்வளவு பயிற்சி அளித்தாலும் கிரயம் குறையாத பிள்ளைகளும் உளர். சேமிப்பையே நியாயமாகக் கொண்டால் அவர்கள் முதலில் கழிக்கப்படுவர். 1946இல் சிகா மாகாணத்தில் ஓமி காக்குவென் என்னும் இல்லத்தை நிறுவிய இத்தோகா கசுவோ இதனை அன்றே கண்டிருந்தார். மிகக் கடும் ஊனமுடைய பிள்ளை தன்னைத் தானாக ஆக்கிக்கொள்வதே ஓர் உற்பத்தி என்பது அவர் கருத்து. உற்பத்தி என்ற சொல்லை இவ்வாறு விரித்தல் பொருளியலாளருக்கு உவப்பாய் இராது. எனினும் பொதுநிதி எதன்பொருட்டுச் செலவிடப்படுகின்றது என்பதற்கு அதனினும் நேர்மையான விடை கூலிக் கணக்கில் இல்லை.

இச்சமூகக் கணக்கின் கடைசி வரி இன்னும் எழுதப்படவில்லை. சேவை பதினெட்டாம் வயதுடன், உயர் இடைநிலைப் பாடசாலை முடிவதுடன், நின்றுவிடுகின்றது. அதன் பின் செல்லும் வளர்ந்தோருக்கான பகல் நிலையங்கள் பெரும்பாலும் பிற்பகல் மூன்று, நான்கு மணிக்கே மூடப்படுவன. பன்னிரண்டு ஆண்டுகளாக மாலை ஆறு மணிக்கு வீடு வந்த மகன் பத்தொன்பதாம் வயதில் நான்கு மணிக்கு வந்து சேர்கின்றான். 'பதினெட்டு வயதுச் சுவர்' என்று பெற்றோர் இதனை அழைக்கின்றனர். ஐம்பது வயதை நெருங்கிய தாய், இத்தனை காலம் பொதுநிதி காத்துக் கொடுத்த அதே பதவியிலிருந்து, அப்போது விலகுகின்றாள். மேலே தராசைச் சாய்த்த முப்பது ஆண்டுகளில் பிற்பாதி இங்கே கழிந்துபோகின்றது. சில உள்ளூராட்சிச் சபைகள் வளர்ந்தோருக்கான மாலைநேரப் பராமரிப்பைத் தமது சொந்தச் செலவில் தொடங்கியுள்ளன. அதற்கெனத் தேசிய அட்டவணையில் தனியான அலகு வகுக்கப்படாதவரை, பத்துப் பிள்ளைகளின் கணக்கைப் போடத் தெரிந்த மூலதனம் அத்திசையை நாடப்போவதில்லை.